'டேக் ஆஃப்': ஒரு வினையும் நீங்கற்பொருளும்

பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தேன். அதில் வரும் பள்ளிச் சிறுவனைப் பற்றி, 'ஹி குட் டேக் ஆஃப் த ஹெட்மாஸ்டர்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. கதையின் முதல் பக்கத்திலிருந்தே அவன் யாருக்கும் அடங்காதவனாக வந்ததால், அந்த இடத்தில் எனக்கு எந்த ஐயமும் எழவில்லை. 'தலைமையாசிரியரைக்கூட அவனால் அப்புறப்படுத்த முடியும்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். கையெழுத்துப்படியைத் திருத்திய பதிப்பாசிரியர் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: 'அப்புறப்படுத்தினான் என்றால், அடுத்த வரியில் வகுப்பு முழுவதும் ஏன் சிரிக்கிறது?'

தொலைபேசியில் அவரை அழைத்து, "அம்மா, அகராதியில் கழற்று, அகற்று, நீக்கு என்றுதானே இருக்கிறது?" என்று கேட்டேன். "முதல் மூன்று பொருளோடு நிறுத்திவிட்டீர்கள் தம்பி, இன்னும் கீழே போய்ப் பாருங்கள்" என்றார் அவர். கீழே போய்ப் பார்த்தேன். ஒருவருடைய குரலையும் நடையையும் அப்படியே நடித்துக் காட்டுதல் என்ற பொருள் அங்கே இருந்தது. அந்தச் சிறுவன் தலைமையாசிரியரைப் போலவே பேசிக் காட்டுவான், அதனால்தான் வகுப்பு சிரித்தது. வாக்கியத்தைத் திருத்தினேன், கதை அச்சாயிற்று, அந்தத் தவறு என்னைத் தவிர வேறு யாருக்கும் நினைவில் இருந்திருக்காது. ஆனால் கோட்டைக் கழற்றுவதற்கும் விமானம் மேலெழுவதற்கும் விலையில் தள்ளுபடி செய்வதற்கும் ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதற்கும் ஒரே சொல் எப்படிப் போதுமானதாக இருக்கிறது என்ற கேள்வி அன்று தொடங்கி என்னோடு இருந்து வருகிறது.

இந்தக் கேள்வியால் தடுமாறியவர்கள் எனக்கு முன்பும் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கம் வேறு எந்த மொழியையும் விட ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயல்மொழியினருக்கு மிகப் பெரிய இடர்ப்பாட்டைத் தருவது அதுவே என்றும் எழுதினார். அதற்கு அவர் அடுக்கிய எடுத்துக்காட்டுகளில் 'டேக் ஆஃப்' என்பதும் ஒன்று. அதற்கு அவர் அங்கே கொடுத்த பொருள் கழற்றுதலும் அன்று, புறப்படுதலும் அன்று. 'படியெடுத்தல்' என்ற பொருளை மட்டுமே கொடுத்திருக்கிறார். நான் கோட்டைவிட்ட பொருளைத்தான் அவர் முதலில் நினைத்திருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்கு ஓர் ஆறுதல் ஏற்பட்டது. அதே அகராதியில் 'டேக்' என்ற ஒற்றை வினைக்கு அவர் 134 பொருள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். இத்தகைய கூட்டு வினைகளுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் வழக்கத்துக்கு வந்தது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து, 1925-இல். எழுத்தாளர் லோகன் பியர்சல் ஸ்மித் தம் நூலில் அதைப் பயன்படுத்தியபோது, அந்தப் பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று குறிப்பிட்டார்.

தமிழர்களாகிய நமக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு என்று நான் நினைக்கிறேன். நம் மொழியில் ஒரு தொடரின் உயிர் வினையில் இருக்கிறது என்பது நமக்கு ஊறிப்போன உணர்வு. ஆகவே 'டேக் ஆஃப்' என்று கண்டதும் நம் கண் 'டேக்' என்பதில் போய் நிற்கிறது. 'எடு' என்று அதற்குப் பொருள் கொண்டுவிட்டு, பின்னால் தொங்கும் 'ஆஃப்' என்பதை ஏதோ ஒட்டுச் சொல்லாகத் தள்ளிவிடுகிறோம். உண்மையில் இந்தக் கூட்டணியில் உழைப்பது 'ஆஃப்'தான். 'டேக்' என்பது ஒரு கையைப் போல. எதையும் பிடிக்கும், ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று அதற்குத் தானாகத் தெரியாது.

இரண்டு சொற்களின் பிறப்பும் இதற்குச் சான்று சொல்கிறது. 'டேக்' என்பது இங்கிலாந்தில் பிறந்த சொல் அன்று. வடக்கிலிருந்து கடல் வழியாக வந்து குடியேறியவர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'டாகா' என்று இருந்தது, பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்தில் உள்ளே வந்து, அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த 'நிமான்' என்ற வினையை மெல்ல மெல்ல வெளியேற்றியது. வெளியேறிய அந்தப் பழைய வினை முற்றிலும் மறைந்துவிடவில்லை. மரத்துப்போன விரலைக் குறிக்கும் 'நம்ப்' என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததுதான். உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது என்பது அதன் மூலப் பொருள். 'ஆஃப்' என்பதோ வேறு வகை. 'ஆவ்' என்று நாம் ஒலிக்கிற, 'உடைய' என்ற பொருளில் ஆயிரம் முறை எதிர்ப்படுகிற சிறு சொல்லும் 'ஆஃப்' என்பதும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாக இருந்தன. அழுத்தமில்லாமல் சொன்னால் ஒன்று, அழுத்திச் சொன்னால் மற்றொன்று. எழுத்திலும் பொருளிலும் அவை முழுமையாகப் பிரிந்தது 17-ஆம் நூற்றாண்டில்தான். இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றே: ஒன்றிலிருந்து விலகி.

ஜெர்மன் மொழியில் இதே உறவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 'ஆஃப்' என்பதன் உடன்பிறப்பான 'அப்' என்ற முன்னொட்டை, 'நிமான்' என்பதன் உடன்பிறப்பான 'நேமென்' என்ற வினையோடு சேர்த்து 'அப்நேமென்' என்று அவர்கள் சொல்கிறார்கள். தொப்பியைக் கழற்றுவதற்கும் அதுவே, தொலைபேசியின் கைப்பிடியை எடுப்பதற்கும் அதுவே, உடல் எடை குறைவதற்கும் நிலவு தேய்வதற்கும்கூட அதுவே. ஆங்கிலேயர்கள் தற்செயலாக அடுக்கிய பொருள்கள் இவை என்று நினைப்பவர்கள் இந்த உறவுமொழியை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் கண்டடைந்த முறை இதுதான். 'டேக் ஆஃப்' எங்கே வந்தாலும், எது எந்தப் பரப்பை விட்டு நீங்குகிறது என்று கேட்டுக்கொள்கிறேன். உடம்பின் மேலிருந்து சட்டை நீங்கினால் கழற்றுதல். விலையின் மேலிருந்து ஒரு பகுதி நீங்கினால் தள்ளுபடி. வேலை நாள்களின் வரிசையிலிருந்து ஒரு நாள் நீங்கினால் விடுப்பு. நோயாளி ஒரு மருந்தை விட்டு நீக்கப்பட்டால் மருந்தை நிறுத்துதல். மூழ்கும் கப்பலின் தளத்திலிருந்து மாலுமிகள் நீக்கப்பட்டால் மீட்பு. நம் மொழியிலும் 'கையை எடு' என்று அதட்டுகிறோம், 'கண்ணெடுக்காமல் பார்த்தான்' என்று எழுதுகிறோம். அந்த 'எடு' ஒவ்வொன்றிலும் ஓர் 'ஆஃப்' ஒளிந்திருக்கிறது.

சொல் நிற்கும் வரிசையையும் இந்தப் பார்வை ஓரளவு விளக்கிவிடுகிறது. கோட்டைக் கழற்றும்போது 'டேக் ஆஃப் த கோட்' என்றும் சொல்லலாம், 'டேக் த கோட் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் கோட்டுக்குப் பதிலாக 'இட்' என்று வைத்தால் 'டேக் இட் ஆஃப்' என்று மட்டுமே சொல்ல முடியும், 'டேக் ஆஃப் இட்' என்று யாரும் சொல்வதில்லை. விமானம் மேலெழும்போது செயப்படுபொருளே கிடையாது. விமானம் தன்னையே நீக்கிக்கொள்கிறது. பேச்சில் காது கொடுத்துக் கேட்டால் இன்னொன்றும் புலப்படும்: வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'ஆஃப்' மீது விழுகிறது, 'த டேக்ஆஃப்' என்று பெயராகச் சொல்லும்போது அது முன்னால் நகர்ந்து 'டேக்' மீது விழுகிறது. பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். எதிர்ச்சொல்லைத் தேடிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான். சட்டைக்கு எதிர்ச்சொல் 'புட் ஆன்', விமானத்துக்கு 'லேண்ட்', விலைக்கு 'ஆட்', நடித்துக் காட்டுவதற்கு எதிர்ச்சொல்லே இல்லை. எதிர்ச்சொற்கள் நான்கு திசையில் பிரிந்தாலும் சொல் ஒன்றாகவே நிற்கிறது.

விமானத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்பது தனிக் கதை. ரைட் சகோதரர்களின் வானூர்தி 1903 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் மேலெழுந்து 12 விநாடிகளில் 120 அடி பறந்தது. ஆனால் தரையை விட்டு மேலே கிளம்புவதற்கான இந்தச் சொல் அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டிலேயே, தாண்டுகிறவர்களிடமும் வேலியைத் தாவும் குதிரைகளிடமும் இருந்தது. இன்றும் நீளம் தாண்டுதலில் வீரர் கடைசியாகக் கால் பதிக்கும் 20 சென்டிமீட்டர் அகலப் பலகைக்கு 'டேக்ஆஃப் போர்டு' என்றே பெயர். உயரம் தாண்டுதலில் ஒற்றைக் காலால் மட்டுமே 'டேக் ஆஃப்' செய்ய வேண்டும் என்பது விதி. ஆக, விமானத்துக்கு இந்தச் சொல்லைக் கடன் கொடுத்தது கால். இந்த ஒரு செய்தி தெரிந்த பிறகு, ஓடுபாதையில் ஓடி வரும் விமானத்தைப் பார்க்கும்போதெல்லாம் பலகையை நோக்கி ஓடி வரும் ஒருவருடைய கால்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இந்தச் சொல்லின் பொருள் மயக்கம் ஒரு முறை உயிர்களைக் காவு வாங்கியதில் பங்கு வகித்திருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தார்கள். வானூர்தி வரலாற்றில் மிக அதிகமானோரைப் பலிகொண்ட விபத்து இன்றளவும் அதுவே. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே செல்ல வேண்டிய விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. நெரிசலும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. நெதர்லாந்து விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் திரும்பி நின்றது. அமெரிக்க விமானம் அதே ஓடுபாதையில் இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இருவராலும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தாலும் இருவரையும் பார்க்க முடியவில்லை. ஆகவே எல்லாமே சொற்களை நம்பி நடந்தன.

நெதர்லாந்து விமானத்துக்குக் கோபுரம் முதலில் கொடுத்தது பயண வழிக்கான அனுமதி மட்டுமே: எந்த உயரத்துக்கு ஏற வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே அது. ஆனால் 'டேக்ஆஃபுக்குப் பிறகு வலப்புறம் திரும்பவும்' என்று அந்த அனுமதிக்குள்ளேயே அந்தச் சொல் வந்துவிட்டது. மேலெழுவதற்கான அனுமதி கொடுக்கப்படாத நிலையில், காத்திருப்பவரின் காதில் அந்தச் சொல் மட்டும் விழுந்துவிட்டது. துணை விமானி அந்த அனுமதியைத் திருப்பிச் சொன்னார். அதன் முடிவில் 'வீ ஆர் நவ் அட் டேக்ஆஃப்' என்று சேர்த்தார். இந்த ஐந்து சொற்களை நான் பல முறை படித்துப் பார்த்திருக்கிறேன். மேலெழும் இடத்தில் நிற்கிறோம் என்று கோபுரம் புரிந்துகொண்டது. விமானத்திலோ தலைமை விமானி ஏற்கெனவே ஓட்டத்தைத் தொடங்கியிருந்தார். மேலெழும் செயலில் இருக்கிறோம் என்பதே துணை விமானி சொல்ல வந்தது என்று பலரும் கருதுகிறார்கள். ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல, 'அட்' என்பதை ஒத்த ஒரு சிறு சொல்லை வினைக்கு முன்னால் வைப்பது டச்சு மொழியின் இயல்பு என்றும், நெருக்கடியில் அவருடைய தாய்மொழியின் அமைப்பு ஆங்கிலத்துக்குள் புகுந்திருக்கலாம் என்றும் மொழியியலாளர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். தாய்மொழி வேறாக இருந்து ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கும் எவருக்கும் இந்த விளக்கம் நெஞ்சைச் சுடும்.

கோபுரம் 'ஓகே' என்றது. பின்பு சற்று இடைவெளி விட்டு, 'டேக்ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்று சொன்னது. அதே நொடியில் அமெரிக்க விமானம் தான் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக வானொலியில் சொல்லவே, இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று மோதிக் கீச்சொலியாகிவிட்டன. நெதர்லாந்து விமானத்தில் தெளிவாகக் கேட்டது 'ஓகே' மட்டும்தான்.

விபத்துக்குக் காரணங்கள் பல; ஒரு சொல்லின் மேல் எல்லாவற்றையும் சுமத்துவது நியாயமாகாது. ஆயினும் அதன் பிறகு வானூர்தி உலகம் இந்தச் சொல்லைக் கூண்டுக்குள் அடைத்தது. இன்று கட்டுப்பாட்டாளரும் விமானியும் 'டேக்ஆஃப்' என்ற சொல்லை, மேலெழுவதற்கான அனுமதியை உண்மையிலேயே கொடுக்கும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே உச்சரிக்க வேண்டும். மற்ற எல்லா இடங்களிலும், காத்திருக்கும்போதும் தயார் என்று சொல்லும்போதும், 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும். அன்றாடப் பேச்சில் பத்துப் பதினைந்து பொருளோடு திரியும் ஒரு சொல்லுக்கு, ஓர் இடத்தில் மட்டும் ஒரே ஒரு பொருள், அதுவும் ஒரே ஒரு தருணத்தில். சொல்லைப் பற்றிய இவ்வளவு அக்கறையான விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதைப் படித்த பிறகு தமிழில் நாம் எழுதும் முறை என்னை உறுத்தத் தொடங்கியது. நாளிதழ்களில் 'விமானம் புறப்பட்ட சில நிமிடங்களில்' என்று எழுதுகிறார்கள். நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்ததா, தரையை விட்டு எழுந்ததா என்பது அதில் தெரிவதில்லை; எந்த இரண்டைப் பிரித்துவைக்க வானூர்தி உலகம் பாடுபட்டதோ அந்த இரண்டும் 'புறப்பாடு' என்ற ஒரே சொல்லில் கலந்துவிடுகின்றன. 'மேலெழுதல்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, அது அழகாகவும் இருக்கிறது. 'விமானம் மேலெழுந்த சில நிமிடங்களில்' என்று எழுதுவதற்குக் கூடுதல் இடமும் தேவைப்படாது. என்னிடம் திருத்தத்துக்கு வரும் பிரதிகளில் இதை நான் விடாமல் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சுத் தமிழோ இந்தச் சொல்லின் இரண்டு பொருள்களை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டுவிட்டது. 'ஃபிளைட் டேக் ஆஃப் ஆயிடுச்சு' என்பது ஒன்று. 'பிசினஸ் இன்னும் டேக் ஆஃப் ஆகலை' என்பது மற்றொன்று. இரண்டாவது பொருளுக்குப் பெருமை சேர்த்தவர் பொருளியலாளர் வால்ட் ரோஸ்டோ. 1960-இல் அவர் ஒரு நாட்டின் வளர்ச்சியை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, மூன்றாவது கட்டத்துக்கு 'டேக்ஆஃப்' என்று பெயரிட்டார். தேசிய வருமானத்தில் முதலீட்டின் பங்கு 5 விழுக்காடு என்ற அளவிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் உயரும் கட்டம் அது, பிரிட்டனுக்கு அது 1783 முதல் 1802 வரை என்று அவர் கணித்தார். ஓடுபாதையில் எவ்வளவு நேரம் ஓடினாலும் குறிப்பிட்ட வேகம் வரும் வரை சக்கரம் தரையை விடாது என்ற படிமத்தை ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்குப் பொருத்தியது அவருடைய கோட்பாட்டுக்கு வலுவாகவும் இருந்தது, பின்னால் வந்தவர்கள் குறை சொல்லும் இடமாகவும் இருந்தது. வரலாறு விமானத்தைப் போல ஒரு நொடியில் தரையை விடுவதில்லை என்று அவர்கள் சொன்னார்கள். தமிழில் வியாபாரம் 'சூடு பிடித்தது' என்கிறோம், நன்றாக விற்றால் 'பிய்த்துக்கொண்டு போகிறது' என்கிறோம். பிய்த்துக்கொள்வதும் ஒன்றை விட்டு நீங்குவதுதான். விடுமுறைக்கு மட்டும் நம்மவர்கள் 'ஒரு நாள் ஆஃப் எடுத்துக்கிட்டேன்' என்று ஒரு சொல்லைப் பெயர்த்தும் ஒரு சொல்லைப் பெயர்க்காமலும் வைத்துக்கொண்டார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் இடத்தைக் காலி செய்வதற்கும் ஆங்கிலத்தில் 'டேக் ஆஃப்' என்று சொல்கிறார்கள். ஒரு மாணவி என்னிடம், 'சட்டையைக் கழற்றுவதற்கும் ஆள் ஓடிப்போவதற்கும் என்ன தொடர்பு?' என்று கேட்டாள். 'வேலை என்றதும் அவன் மெல்லக் கழன்றுகொண்டான்' என்ற தமிழ் வாக்கியத்தை அவளுக்குச் சொன்னேன். சட்டையைக் கழற்றுகிறோம், திருகாணி கழன்றுபோகிறது, பொறுப்பிலிருந்து ஒருவன் கழன்றுகொள்கிறான், நண்பனை ஒருவன் கழற்றிவிடுகிறான். நான்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'இதற்கு நான் அகராதியே பார்க்க வேண்டியதில்லையே' என்றாள். உலகத்தை விட்டுக் கழற்றுவதும் இதில் அடங்கும்: ஷேக்ஸ்பியரின் மேக்பெத், முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில், மன்னன் டங்கனைக் கொல்வதைப் பற்றித் தனக்குள் பேசும்போது அந்தக் கொலையை 'டேக்கிங் ஆஃப்' என்றுதான் சொல்கிறான். விமான நிலைய அறிவிப்பில் நாம் கேட்கும் சொல் அங்கே எவ்வளவு இருளோடு ஒலிக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, நான் தவறவிட்ட பொருளுக்கு வருகிறேன். நடித்துக் காட்டுவதில் எது எந்தப் பரப்பை விட்டு நீங்குகிறது? நெடுநாள் எனக்கு விடை கிடைக்கவில்லை. மற்ற எல்லாப் பொருள்களும் என் முறைக்குள் வந்து அமர்ந்தபோது இது மட்டும் வெளியே நின்றது. விடையைத் தொழில் செய்பவர்களின் பேச்சில்தான் கண்டேன். கட்டட மதிப்பீடு செய்பவர்கள் வரைபடத்தைப் பார்த்து எத்தனை செங்கல், எவ்வளவு கம்பி என்று அளவெடுக்கும் வேலையை 'டேக்கிங் ஆஃப்' என்கிறார்கள். வரைபடம் மேசையில் அப்படியே கிடக்கிறது, அதிலிருந்து அளவுகள் மட்டும் எடுக்கப்பட்டு வேறு தாளுக்குப் போகின்றன. டிராக்டரின் பின்புறத்தில் 'பி.டி.ஓ.' என்று எல்லோரும் சொல்லும் சுழல்தண்டு இருக்கிறது. 'பவர் டேக் ஆஃப்' என்பதன் சுருக்கம் அது. நிமிடத்துக்கு 540 சுற்று என்பது அதன் வழக்கமான வேகங்களில் ஒன்று. அங்கேயும் எஞ்சின் இருந்த இடத்தில் இருக்கிறது, அதன் ஆற்றல் மட்டும் வெளியே எடுக்கப்பட்டு இன்னொரு கருவிக்குப் போகிறது. அச்சுத் தகட்டிலிருந்து ஒரு படியை எடுப்பதற்கும் முந்தைய கால ஆங்கில வழக்கில் இதே சொல் உண்டு. மூலம் குறைவதில்லை, ஆனால் அதன் மேலிருந்து ஒன்று நீங்கி வருகிறது. ஜான்சன் 'படியெடுத்தல்' என்று எழுதியது இதைத்தான். நாமும் 'படி எடுக்கிறோம்', 'படம் எடுக்கிறோம்', 'அச்சு எடுக்கிறோம்'. ஒருவரைப் போல நடித்துக் காட்டுகிறவன் அவருடைய முகத்தின் மேலிருந்து ஒரு படியை எடுத்துத் தன் முகத்தில் ஒட்டிக்கொள்கிறான்.

இந்த இடத்தில் எனக்குப் பள்ளியில் மனப்பாடம் செய்த நன்னூல் நூற்பா நினைவுக்கு வந்தது. 'ஐந்தாவதன் உருபு இல்லும் இன்னும், நீங்கல் ஒப்பு எல்லை ஏதுப் பொருளே'. ஐந்தாம் வேற்றுமைக்கு நான்கு பொருள். முதற்பொருள் நீங்கல், அதற்கு அடுத்தே ஒப்பு. 'மலையின் வீழ் அருவி' என்பதில் அருவி மலையை விட்டு நீங்குகிறது. 'காக்கையிற் கரிது களம்பழம்' என்பதில் பழத்தின் கருமை காக்கையின் கருமையோடு வைத்துப் பார்க்கப்படுகிறது. நீங்குவதற்கும் நிகராவதற்கும் ஏன் ஒரே உருபு என்று மாணவனாக இருந்தபோது நான் கேட்டதில்லை. நூற்பா அப்படி, அவ்வளவுதான் என்று ஒப்பித்துவிட்டுப் போனேன். ஆங்கிலத்தின் ஒரு சிறு சொல் என்னை அந்தக் கேள்விக்குத் திருப்பி அழைத்து வந்தது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் அதிலிருந்து ஓர் அளவையாவது நாம் எடுத்தாக வேண்டும். இலக்கண ஆசிரியர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் அந்த வரிசையை அமைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'டேக் ஆஃப்' என்பதில் கழற்றுதலும் படியெடுத்தலும் அருகருகே வாழ்வதைக் கண்ட பிறகு, 'இன்' என்ற உருபில் நீங்கலும் ஒப்பும் அருகருகே வாழ்வது எனக்கு வியப்பாக இல்லை.

சில மாதங்களுக்கு முன்பு, ஒரு வீட்டில் குழந்தையைப் பார்க்க வந்த ஒரு மூதாட்டி, தொட்டிலை எட்டிப் பார்த்ததும், "அப்பனை உரிச்சு வெச்சிருக்கு" என்றார். எத்தனையோ முறை கேட்டுப் பழகிய தொடர்தான். அன்றைக்குத்தான் அதிலுள்ள வினையைக் கவனித்தேன். உரித்தல்: மேல்தோலை நீக்கி எடுத்தல். உரித்து எடுத்ததை வேறோரிடத்தில் வைத்தல். சாயலைச் சொல்வதற்கு என் மொழி வைத்திருந்த சொல்லும் ஒரு 'டேக் ஆஃப்'தான், அதுவும் அந்த ஆங்கிலச் சொல்லைவிடத் துல்லியமானது. எடுத்ததை எங்கே வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய கதையின் அச்சுப் பிரதியைத் தேடி எடுத்தேன். 'தலைமையாசிரியரைப் போலவே அவன் நடித்துக் காட்டுவான்' என்று இருந்தது. பிழையில்லாத வாக்கியம்தான், ஆனால் வகுப்பைச் சிரிக்க வைக்கும் வாக்கியம் இல்லை. 'தலைமையாசிரியரை அப்படியே உரித்து வைத்துவிடுவான்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். உரித்து வைத்தல் என்பதைப் பிறப்பால் வந்த சாயலுக்கே பெரும்பாலும் சொல்கிறோம், பழகிக்கொண்ட நடிப்புக்குச் சொல்லலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அதனால் பதிப்பாசிரியர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு வாக்கியங்களையும் படித்துக் காட்டினேன். இரண்டாவதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். "குரல் என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி, சரியாகிவிடும்" என்றார். என் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 'தலைமையாசிரியரின் குரலை அப்படியே உரித்து வைத்துவிடுவான்.'